ரெண்டாவது வாகனம் யாருக்கு?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாகனம் வாங்கும் யோசனையில் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

விடத்தல்தீவில் இப்போது ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்றாலும் சரி, கடைத் திண்ணையில் இருந்தாலும் சரி, ஒரு பேச்சு வராமல் போவதில்லை. "ரெண்டாவதா ஒரு சின்னக் கார் எடுக்கணும்." முதலாவது ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. அது ஒரு வான், அல்லது கெப், அல்லது ஓட்டோ. அது தொழிலுக்குப் போகிறது. புத்தளத்துக்கும் ஊருக்கும் இடையில் ஓடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு வாகனம் இல்லை. அதனால்தான் இந்த ரெண்டாவது.

இந்தத் தேவையை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் புத்தளத்தில் என்று ஆகிவிட்டது. உம்மா அங்கே, பிள்ளைகள் இங்கே. கலியாண வீடு அங்கே, காணி வழக்கு இங்கே. இரண்டு ஊரில் கால் வைத்து வாழும் குடும்பத்துக்கு ஒரு வாகனம் போதாது என்பது நியாயமான பேச்சுதான். நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த ரெண்டாவது வாகனத்தை எப்படி எடுக்கிறோம்? யாருக்காக எடுக்கிறோம்?

முதலில் விலையைப் பார்ப்போம். 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1 இல்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறிச் சுற்றின. வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் ஏராளம். இறக்குமதி திறந்தால் விலை சரசரவென்று விழும் என்று காத்திருந்தவர்களும் ஏராளம். ஏன் அப்படி விழவில்லை? 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் 180 ரூபாவைச் சுற்றி இருந்தது. 2025 இல் 300 ரூபாவைச் சுற்றி. யப்பானில் அதே விலைக்கு நிற்கும் கார் கூட இங்கே வந்து இறங்கும்போது பழைய விலைக்கு வராது. அதன் மேல் சுங்க வரி, எஞ்சின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி. புதுக் கார் இந்த விலை என்றால் பழைய கார் மட்டும் எப்படி இறங்கும்? ஆகவே "இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் சும்மா கிடைக்கும்" என்ற கணக்கு வேண்டாம். தேவை இருந்தால், கையில் காசும் இருந்தால், பார்த்து எடுக்கலாம்.

கையில் காசு இல்லாவிட்டால்? இங்கேதான் எங்களுக்குப் பயம். லீசிங் காரர்கள் இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளச் சிட்டை இருக்கிறது, மீன் வியாபாரிக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வட்டி ஹறாம் என்பது நமக்குத் தெரிந்த விடயம். அதைத் திரும்பச் சொல்ல இந்தப் பதிவு எழுதவில்லை. இஜாரா, முறாபஹா என்ற பெயரில் வழங்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றை விசாரித்து, ஒப்பந்தத்தை வாசித்து, உலமாக்களிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் ஹலாலான முறையில் எடுத்தாலும் தவணை தவணைதான். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்தால் படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் வருமானம் இல்லை. தவணைத் திகதி கடலைப் பார்த்து வருவதில்லை. முதலாவது வாகனம் தவணையில் ஓடும்போது ரெண்டாவதையும் தவணையில் எடுத்தால், ஒரு மோசமான பருவம் இரண்டையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். எங்கள் கருத்து இதுதான்: ரெண்டாவது வாகனத்தை முழுக் காசு கொடுத்து எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால், முடிகிற விலையில் உள்ள பழையதைப் பாருங்கள்.

பழையது என்றதும் "நடுவழியில் நிற்கும்" என்பார்கள். நிற்கலாம். முதலாவது வாகனம் ஊருக்குள் நின்றால், ரெண்டாவது ஒரு நாள் கராஜில் கிடப்பதால் வீடு முடங்கிப் போகாது. அதனால் ரெண்டாவது பழையதாக இருக்கலாம் என்ற வாதம் சரி. ஆனால் நம்மூர் நிலைமை அதுவா? வாப்பா நல்ல வானை எடுத்துக்கொண்டு புத்தளம் போகிறார், நாலு நாள் அங்கேயே நிற்கிறார். அந்த நாலு நாளும் ஊரில் இருக்கும் உம்மாவுக்கு அந்த ஓட்டைக் கார்தான் முதலாவது, அதுதான் கடைசியும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் ஸ்டார்ட் ஆக வேண்டியது அந்தக் கார்தான். ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தூரம் போகிறவர் பஸ்ஸில் போகலாமா? நல்ல வாகனம் ஊரில் நிற்கலாமா? வீட்டில் பெண்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இல்லையென்றால் கார் எடுப்பதற்கு முதல் அதை எடுங்கள். ஓட்ட ஆளில்லாத காரை வாங்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த வீட்டு மச்சானைத் தேடுவதில் என்ன பிரயோசனம்?

ஆஸ்பத்திரிப் பயத்துக்காக மட்டும் கார் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வடக்கில் 2018 முதல் இந்தச் சேவை உண்டு. அந்த இலக்கத்தைக் கேட்டாலே மனம் ஒரு மாதிரி ஆகிறது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

எரிபொருள் கணக்கையும் கொப்பியில் போட்டுப் பாருங்கள். மன்னாருக்குப் போக வர ஐம்பது கிலோமீற்றர் என்று வையுங்கள். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 250. லீற்றருக்கு 15 ஓடும் காருக்கு ஏறக்குறைய 17 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்றால் கிழமைக்கு ஐயாயிரம், மாதத்துக்கு இருபதாயிரம். 2022 இல் அதே 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனதையும், கியூஆர் கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றதையும் மறக்க வேண்டாம். பெரிய எஞ்சின் பெருமை அந்த வரிசையில் செல்லாது. 800 சிசி மாருதி, ஓல்டோ, 660 சிசி யப்பான் வகன்ஆர் போன்ற சின்ன வண்டிகள் நம்முடைய பாவனைக்குப் போதும். மாருதி 800 இந்தியாவில் 2014 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் எஞ்சின் எளிமையானது, சாதாரண கராஜ் பாஸுக்கே கை பழகினது. எந்த வண்டியானாலும் வாங்குவதற்கு முதல் மன்னாரில் அல்லது வவுனியாவில் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டிய கார் மலிவான கார் ஆகாது. ஹைபிரிட் எடுப்பவர்கள் பெரிய பெற்றரியைப் பரிசோதிக்காமல் எடுக்க வேண்டாம். பின் சீற் பக்கத்தில் அதற்குக் காற்று இழுக்கும் வழி இருக்கும், நம்மூர்ப் புழுதி அதை அடைத்துவிடும்.

இனி நம்மூருக்கென்றே உள்ள விடயம், துரு. உப்புக் காற்று நமக்குப் பழக்கம், இரும்புக்குப் பழக்கமில்லை. பளபளவென்று பெயின்ற் அடித்த காரைக் கண்டு மயங்காதீர்கள். கால் மெத்தையைத் தூக்கித் தரையைப் பாருங்கள். டிக்கியில் ஸ்பெயார் ரயருக்குக் கீழே பாருங்கள். கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பொடியில் ஓட விடுங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி வைத்து மெழுகியிருக்கிறார்கள். ஜாக்கி போட்டு அடிப்பக்கத்தை மெக்கானிக் பார்க்காமல் அச்சாரம் கொடுக்காதீர்கள். மலைநாட்டில் ஓடிய கார் என்றால் பொடி நன்றாக இருக்கலாம், கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். கரையோரத்தில் ஓடியது என்றால் எஞ்சின் நன்றாக இருந்தும் அடி உக்கியிருக்கும். மீன் ஏற்றிய வான் என்றால் கூடுதல் கவனம். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தரைத் தகட்டுக்குள் இறங்கி உள்ளிருந்தே தின்றிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் தண்ணீரில் நின்றன. சீற் பெல்ற்றை முழுதாக இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் விலையே பேச வேண்டாம். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. மீற்றரில் குறைந்த ஓட்டம் காட்டி, பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் எது பொய் சொல்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

வாங்கின பிறகு காரைக் கழுவுவதிலும் யோசனை வேண்டும். வீட்டுக் கிணறு சவர் என்றால், அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை எடுக்காது, இன்னும் பூசும். கிழமைக்கு இரண்டு வாளி நல்ல தண்ணீர் அடிப்பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக, புத்தகம். "ஓபன் பேப்பர்" என்று சொல்லி, பழைய உரிமையாளரின் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓட்டும் பழக்கம் நம்மிடம் பரவிக் கிடக்கிறது. விற்றவர் மௌத்தானால் என்ன செய்வீர்கள்? வெளிநாடு போனால்? அந்த வாகனத்தால் விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் யார் வாசலுக்குப் போகும்? காணி உறுதி கையில் இல்லாமல் திரும்பி வந்து, எது யாருடையது என்று வருடக்கணக்கில் கச்சேரி ஏறி இறங்கிய சமூகம் நாம். கடதாசியின் பெறுமதியை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. குர்ஆனின் மிக நீளமான ஆயத், சூரா பகராவின் 282 ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்வதைப் பற்றித்தான். புத்தகத்தில் "முழு உரிமையாளர்" என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் மாற்றவில்லை. அது துப்புரவாகும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். வாங்கினவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரிலேயே எழுதினால் இன்னும் நல்லது. அது மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் அதிலே குறைவு ஒன்றும் இல்லை.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை விட்டபோது அடியில் ஈரம் இருந்த சம்பவம் எல்லாருக்கும் தெரியும். ஈரத்தை மேலே வைக்காமல் ஏன் மறைத்தாய் என்பதுதான் அங்கே கேள்வி. துருவுக்கு மேல் பெயின்ற் அடித்து ஊர்க்காரனுக்கே விற்பதும் அதே குவியல்தான்.

புது வாகனம் நின்றால்தான் கலியாணப் பேச்சில் மதிப்பு என்ற எண்ணம் ஊருக்குள் மெல்ல நுழைகிறது. இதற்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது. பழைய மாருதியில் பிள்ளையை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்து விடும் தாயை வகுப்பறையில் இருந்து நாங்கள் பார்க்கிறோம். லீசிங் தவணைக்காக ரியூசன் காசு நிறுத்தப்பட்ட பிள்ளையையும் பார்க்கிறோம். எந்த வீட்டில் பெறுமதி கூட என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காரில் ஒரு இடம் மிஞ்சினால் அயல் வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளுங்கள், எந்த மதத்துப் பிள்ளையானாலும்.

வாகனம் பார்க்கப் போகிறவர்கள் தனியே போகாமல் ஊரில் விடயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதில் விடுபட்டவை இருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். புத்தளத்தில் இருக்கும் உறவுகளுக்கும் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.