மாறும் எண், மாறாத பெயர்

‘இந்தப் பெயர் இன்னும் வேண்டுமா?’ என்று கேட்டு மாதந்தோறும் ஒரு மின்னஞ்சல் வருகிறது. அப்பாவின் பழைய படங்களை வைத்திருக்கும் வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து எட்ட, நான் பயன்படுத்தும் இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையின் நிபந்தனை அது. இணைப்பின் ஐபி எண் மாறும்போதெல்லாம் அதே பெயரைப் புது எண்ணோடு சேர்த்துவிடுவதுதான் அதன் வேலை. இதே வகைச் சேவை தந்த டைன் நிறுவனம் 2014-இல் தன் இலவசச் சேவையை நிறுத்தியபோது, பலர் வேறு பெயர் தேட நேர்ந்தது. நன்கொடையில் இயங்கும் டக் டிஎன்எஸ் போன்றவை நல்ல தொடக்கம்தான். ஆனாலும் இரவல் பெயர் இரவல்தான். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் சொந்த டொமைன் வாங்கிவிட்டால், சேவையை மாற்றினாலும் பெயர் நம்மோடு வரும். அதற்கு முன் ரவுட்டரைப் பாருங்கள்: அதன் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது எண்ணைப் பகிர்கின்றன. அந்த எண்ணுக்கு எந்தப் பெயர் சூட்டியும் நம் வீட்டுக் கதவு திறக்காது.