மழையும் சிகரெட்டும் போதுமா?

உங்களுக்குப் பிடித்த நியோ நுவார் படங்கள் பத்து சொல்லுங்கள் என்று கேட்டால், இப்போது காலேஜ் பையன்கள் யோசிப்பதே இல்லை. விரல் மடக்கி ஒப்பிக்கிறார்கள். 'சைனா டவுன்', 'டாக்ஸி டிரைவர்', 'செவன்', 'மெமென்டோ'... தமிழுக்கு வந்தால் முதலில் 'ஆரண்ய காண்டம்', அப்புறம் மிஷ்கின். அதற்கு மேல் சண்டைதான். எது ஒண்ணு, எது ரெண்டு என்று டீ ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை.

சண்டை போடட்டும். ரசனை வளர்வதே அப்படித்தான். என் புகார் வேறு. எந்தச் சல்லடையை வைத்துச் சலிக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். "லைட்டிங் செம சார்." "மழையில அந்த ஒரு ஷாட் போதும் சார்." "பி.ஜி.எம். மிரட்டல் சார்." எல்லாம் சரி, படம் என்ன சொல்கிறது தம்பி என்றால், "அது... டார்க்கா இருக்கும் சார்" என்கிறார்கள். டார்க்காக இருப்பது பவர்கட்டிலும்தான் நடக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில், முத்தைத் தரம் பிரிக்க வியாபாரிகளிடம் வரிசையாகப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டை ஒரு அளவு. எதில் தங்குகிறது, எதில் விழுகிறது என்று பார்ப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். உருட்சி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், ஒளி பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் விலை. முத்துக்கே இத்தனை சோதனை என்றால், சினிமாவுக்கு ஒரு மூன்று கேள்வியாவது கேட்க வேண்டாமா?

அதற்கு முன்னால் ஒரு சின்ன பின்கதை. நுவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு. உலகப் போரின்போது பிரான்ஸுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து மொத்தமாக வந்து இறங்கியபோது, 1946-ல் நீனோ ஃபிராங்க் போன்ற விமர்சகர்கள் அவற்றில் ஒரு புது இருட்டைக் கண்டு இந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் சொன்ன கறுப்பு திரையில் விழுந்த நிழல் மட்டுமில்லை, மனுஷனுக்குள்ளே இருந்த நிழலும்தான். எழுபதுகளில், வியட்நாமும் வாட்டர்கேட்டும் அமெரிக்காவின் முகத்தில் கரி பூசிய நேரத்தில், அதே இருட்டு கலரில் திரும்பி வந்தது. அதுதான் நியோ நுவார். நிக்ஸன் ராஜினாமா செய்த 1974-ல்தான் 'சைனா டவுன்' வெளியானது. ஒரு துப்பறிவாளன் சாதாரணக் கள்ளக்காதல் கேஸ் என்று நினைத்துத் தோண்டப்போய், ஊரின் தண்ணீரையே ஒரு பணக்காரக் கும்பல் திருடுவதைக் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? கடைசியில் ஜெயிப்பது வில்லன்.

என் மூன்று கேள்விகள் இவ்வளவுதான்.

ஒன்று: வில்லன் செத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுகிறதா? தீர்ந்துவிட்டால் அது நுவார் இல்லை. ஆக்‌ஷன் படம்.

இரண்டு: ஹீரோவின் கையில் கறை படிகிறதா? ரத்தக்கறையைச் சொல்லவில்லை. அது எல்லாப் படத்திலும் லிட்டர் கணக்கில் ஊற்றுகிறார்கள்.

மூன்று: தியேட்டரை விட்டு வெளியே வரும்போது உங்களுக்கு நிம்மதியா, உறுத்தலா?

இந்தச் சல்லடையில் ஒரு பெரிய படத்தைப் போட்டுப் பார்ப்போம். 'மெமென்டோ' (2000) படத்து நாயகனுக்குப் புது ஞாபகங்கள் தங்காது. மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். கடைசியில் நமக்குப் புரிகிறது, அவன் மறதியை வைத்துத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறான், தெரிந்தே தனக்கு ஒரு பொய்யை எழுதி வைக்கிறான். மறதி நோயாக இருந்தது, பாவமாக மாறிவிட்டது. 2005-ல் வந்த நம்ம 'கஜினி' அந்த மறதியையும் பச்சையையும் போலராய்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டது. பாவத்தை அங்கேயே விட்டுவிட்டது. நம் ஹீரோ கடைசிவரை சொக்கத்தங்கம். வில்லன் வில்லன்தான், அவனைக் கொல்வது நியாயம்தான், சுபம். கடைக்குப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டு மருந்தைக் கீழே கொட்டியது போல. நல்ல காதல் கதை, அசினை மறக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நுவார் பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம். 'சைனா டவுன்' வந்த அதே 1974-ல்தான் தூத்துக்குடி மத்திய அரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்றானது. நுவாருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தக் கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறது. துறைமுகம், அனல்மின் நிலையம், கண் கூசும் உப்பளம், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகள். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத முத்து நகரம். இந்தப் பெயரே ஒரு நுவார் டைட்டில்தான், பாருங்கள். கடத்தல் என்றால் தங்கமும் வைரமும் என்று நினைக்காதீர்கள். பீடி இலை, மஞ்சள், 2001-லிருந்து பிடிக்கவே கூடாது என்று சட்டம் போட்ட கடல் அட்டை. அந்தக் கடல் அட்டையை இலங்கைப் பக்கம் சேர்த்துவிட்டால் அது சட்டப்படியான சரக்கு. நடுவில் இருக்கிற கொஞ்சம் தண்ணீர்தான் குற்றத்துக்கும் வியாபாரத்துக்கும் வித்தியாசம். இதைவிட நல்ல திரைக்கதை யார் எழுதித் தரப்போகிறார்கள்?

இன்னும் இரண்டு சொல்கிறேன். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்கிற கப்பலைப் பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள், 35 பேர். சோமாலியக் கொள்ளைக்காரர்களிடமிருந்து கப்பல்களைக் காப்பாற்றுகிற தனியார் காவலர்கள் என்றார்கள். 2016-ல் தூத்துக்குடி கோர்ட்டில் ஐந்து வருஷ தண்டனை. 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளையில் எல்லோரும் விடுதலை. காவலர்களா, குற்றவாளிகளா? ஒரே கப்பல், ஒரே ஆட்கள், இரண்டு தீர்ப்பு.

2019 ஆகஸ்டில் ஓர் இழுவைப் படகு மாலத்தீவிலிருந்து திரும்பி வருகிறது. சிப்பந்திகளைத் தவிர உள்ளே இன்னொரு ஆள். யாரென்று பார்த்தால் அகமது அதீப், மாலத்தீவின் முன்னாள் துணை ஜனாதிபதி! முறையான ஆவணம் இல்லை என்று நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாட்டின் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தூத்துக்குடிக் கடலில் ஓர் இழுவைப் படகில் ஒளிந்து நிற்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். பேக்ரவுண்ட் மியூசிக்கே தேவையில்லை.

இவ்வளவு இருக்கிற கடற்கரைக்கு நம் சினிமா என்ன செய்தது? மணப்பாட்டில் 'நீர்ப்பறவை' (2012), 'கடல்' (2013) இரண்டையும் எடுத்தார்கள். முன்னது மனசைத் தொட்டது. பின்னது சாத்தானையும் பாதிரியாரையும் மோதவிட்டது. இரண்டும் வேறு ஜாதிப் படங்கள், விட்டுவிடுவோம். ஆனால் தூத்துக்குடி என்றதும் தமிழ்நாட்டுக்கே ஞாபகம் வருவது எது? துரைசிங்கம். 'சிங்கம்' (2010) படத்தில் அந்தப் பக்கத்துக் கிராமத்து சப் இன்ஸ்பெக்டர். 'சிங்கம் 2' (2013) படத்தில் பள்ளிக்கூடத்து என்.சி.சி. வாத்தியார் வேஷத்தில் துறைமுகக் கடத்தலை நோட்டம் விடுகிறார். போதை மருந்துக்காரனைத் தென்னாப்பிரிக்கா வரை துரத்திப் போய்ப் பிடிக்கிறார். அவன் ஒருத்தன் மாட்டியதும் தூத்துக்குடியே சுத்தம். என் முதல் கேள்வியிலேயே படம் சல்லடைக்குக் கீழே விழுந்துவிட்டது.

விழுந்தால் விழட்டும், ஜாலியான படம்தானே என்கிறீர்களா? இங்கேதான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள்மீது அதே தூத்துக்குடியில் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். பின்னால் விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் வரம்பு மீறியது என்று அறிக்கை தந்தது. 2020 ஜூன். அதே மாவட்டத்துச் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி செல்போன் கடைக்காரரையும் அவர் மகனையும் ஸ்டேஷனில் பிடித்து வைத்தார்கள். சில நாளில் அப்பாவும் இல்லை, மகனும் இல்லை. ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தை விழுங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்னார். அந்த ஸ்டேஷனில் துரைசிங்கம் யாரும் இல்லை. அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

அப்போது டைரக்டர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். தமிழ் சினிமாவில் ஓங்கி அடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர். இப்படிச் சொல்லத் தெரிந்தவர் அபூர்வம். அவருக்கு ஒரு வணக்கம். ஆனால் விசில் அடித்த ரசிகர்கள் யாரும் அறிக்கை விட்டதாகத் தெரியவில்லை. 'காக்க காக்க' (2003) காலத்திலிருந்து என்கவுன்ட்டர் என்பது நமக்கு ஸ்டைல். ஸ்லோமோஷனில் சுட்டால் கைதட்டல். நிஜத்தில் நடந்தால் இரண்டு நாள் துக்கம், மூன்றாவது நாள் அடுத்த போலீஸ் படத்து டீசர்.

ஆகவே, என் பட்டியல். சண்டைக்குத் தயாராகவே தருகிறேன்.

பட்டியலுக்கு வெளியே, ஆனால் எல்லோருக்கும் பாட்டனாக 'அந்த நாள்' (1954). எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன். பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக நடித்தார் என்றால் இன்றைக்கு எந்த ஹீரோ நம்புவார்?

ஐந்தாவது இடம் 'துருவங்கள் பதினாறு' (2016). புத்திசாலிப் படம், கடைசியில் ரகுமானின் கையில் கறை இருக்கிறது. ஆனால் உறுத்தலைவிடப் புதிரை விடுவித்த சந்தோஷம் கொஞ்சம் தூக்கல்.

நான்காவது 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013). ஒரே ராத்திரி, இளையராஜா, பாட்டு இல்லை. குண்டடிபட்டுக் கிடப்பவனை வீட்டுக்குத் தூக்கிப்போய் ஆபரேஷன் செய்கிற மருத்துவ மாணவன். இரக்கப்பட்டதற்குத் தண்டனை என்கிற நுவார் தர்மத்தை அழகாகப் பிடித்த படம். முடிவில் கொஞ்சம் கண்ணீர் துடைத்துவிடுகிறார் மிஷ்கின், அதனால் நாலு.

மூன்றாவது 'புதுப்பேட்டை' (2006). கொக்கி குமார் கதை ஜெயிலோடு முடியவில்லை, அவன் சாகவும் இல்லை. அரசியலில் போய் உட்காருகிறான். அன்றைக்குப் புரியாத முடிவு, இன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 'ஆரண்ய காண்டம்' (2011). "என்னது, இரண்டாவதா?" என்று எழுந்து நிற்பவர்கள் உட்காருங்கள். தியாகராஜன் குமாரராஜா மேதைதான். 52 வெட்டு கேட்ட சென்சாரோடு மல்லுக்கட்டி வந்த படம், இரண்டு தேசிய விருது. ஒரே நாள், அத்தனை ஆம்பளைகளையும் முட்டாளாக்கிவிட்டு சுப்பு நடந்து போகிறாள். ஆனால் அது தாதாக்களின் காடு. அந்தக் காட்டுக்குள் நீங்களும் நானும் போகப்போவதில்லை. பாதுகாப்பாக வெளியே நின்று ரசிக்கலாம். அவரே எடுத்த 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் அந்தக் கேடுகெட்ட சப் இன்ஸ்பெக்டர் தலையில் மேலேயிருந்து டி.வி. விழுகிறது. தியேட்டரே கைதட்டியது. சாத்தான்குளத்தில் அப்படி எதுவும் விழவில்லை.

முதல் இடம் 'விசாரணை' (2016). "சார், அது சமூகப் படம் சார், நியோ நுவார் இல்ல" என்பீர்கள். எப்படி இல்லை? பூஜைக்காக ஸ்டேஷனைச் சுத்தம் செய்ய நிறுத்திவைத்த மூன்று பையன்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். நல்லவராக இருக்க ஆசைப்படுகிற இன்ஸ்பெக்டர் முத்துவேல் கையிலும் கறை படிகிறது. கடைசியில் அவரையும் அந்த இயந்திரம் விழுங்குகிறது. வில்லன் என்று ஒருத்தனைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. மொத்த இருட்டும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள். லாக்கப்பில் கிடந்த ஒரு மனுஷர், மு.சந்திரகுமார், எழுதிய புத்தகத்திலிருந்து வந்த படம் அது. என் மூன்று சல்லடையிலும் தங்குகிற முத்து அது ஒன்றுதான். மற்ற படங்களின் இருட்டுக்குள் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம். இந்த இருட்டு, கடையைப் பத்து நிமிஷம் லேட்டாகச் சாத்துகிற யாருக்கும் வரலாம்.

"படத்தைப் படமா பாருங்க சார்" என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். பார்க்கலாமே. ஆனால் அதைச் சொல்கிறவர்தான் இடைவேளையில் "இந்த மாதிரி ஒரு போலீஸ் நம்ம ஊருக்கு வேணும்" என்கிறார். பிடித்தால் நிஜம், கேள்வி கேட்டால் சினிமா. இது என்ன கணக்கு?

எனக்கு ஓர் ஆசை. பரதவர் வாழ்க்கையை ஜோ டி குரூஸ் 'கொற்கை'யில் எழுதினார், சாகித்ய அகாடமி விருதும் வாங்கினார். நாவலுக்கு வாய்த்தது சினிமாவுக்கும் வாய்க்க வேண்டும். உச்சி வெயிலில், கண்ணைக் குருடாக்குகிற வெள்ளை உப்பளத்தில், மழையே இல்லாத ஒரு நுவார் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும். ஓங்கி அடிக்கிற ஆள் அதில் வேண்டாம். மாஜிஸ்திரேட் முன்னால் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிற ஒரு பெண் காவலர் போதும். அந்தப் படம் வந்தால் விசில் அடிக்க ஆள் இருக்காது. உங்களில் எத்தனை பேர் டிக்கெட் வாங்குவீர்கள்?