செஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு சொந்தங்களே!

"செஞ்சியில மலையும் கோட்டையும்தானே இருக்கு, நீங்க எதுக்குக் கடல் மின்சாரம் பேசுறீங்க?" என்று கேலி செய்கிறார்கள்.

கேலி பேசுறவங்க ஒரு ராத்திரி நம்ம கொல்லைக்கு வரட்டும். மும்முனை மின்சாரத்துக்குக் கண் முழிச்சி, டார்ச் லைட்டோட பாம்பு பூச்சிக்கு நடுவுல மோட்டார் போடப் போற விவசாயிகிட்ட இதே கேள்வியைக் கேட்கட்டும்.

சூரிய மின்சாரம் பொழுது சாய்ஞ்சா நின்னு போகும். காற்றாலை, காத்து அடிச்சாத்தான் சுத்தும். ராத்திரி பகல் பார்க்காமல் மின்சாரம் தரக்கூடியது கடல். அந்தக் கடல் நம்ம மாவட்டத்து மரக்காணத்துலயே இருக்கு. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கு.

இது கற்பனை இல்லை. நம் கடலின் மேல்மட்டத் தண்ணீர் சுமார் 28 டிகிரி சூட்டில் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது பத்து டிகிரிக்கும் கீழே. மேல் தண்ணீரின் சூட்டில் அம்மோனியாவை ஆவியாக்கி டர்பைனைச் சுற்றலாம். ஆழத்துக் குளிர்நீரால் அதை மறுபடி திரவமாக்கலாம். நிலக்கரி வேண்டாம், புகை கிடையாது.

இதைச் செய்து பார்க்க முன்வந்தவர்கள் நம் சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார். 2001-ல் தூத்துக்குடி கடலில் 'சாகர் சக்தி' மிதவைக் கப்பல். திட்டம் 1 மெகாவாட், அதாவது 1,000 கிலோவாட். குளிர்நீரை உறிஞ்சும் நீளமான குழாயை இறக்கும்போது அது கடலுக்குள் போய்விட்டது. மறுமுயற்சியும் கைகூடவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

தோற்றது குற்றமில்லை, சொந்தங்களே. முயற்சி செய்தவன்தான் தோற்பான். தோற்ற பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் குற்றம்!

அதே விஞ்ஞானிகள் அதே வெப்ப வித்தியாசத்தை வைத்து 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டினார்கள். அறிவு இருந்தது, கொடுக்க வேண்டிய பணமும் மனசும்தான் இல்லை. ஜப்பானின் குமேஜிமா தீவில் 2013 முதல் கடல் வெப்ப மின்சாரம் ஓடுகிறது. நாம் இப்போதுதான் கவரத்தியில் 65 கிலோவாட்டுக்கு நிலையம் கட்டுகிறோம். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, 5 எச்.பி. மோட்டார் 17 ஓடும். 2001-ல் ஆயிரத்துக்கு ஆசைப்பட்ட நாடு, இன்று அறுபத்தஞ்சுக்கு வந்து நிற்கிறது!

கடல் காற்றாலைக்கும் இதே கதிதான். 2024 பிப்ரவரியில் தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு டெண்டர். அதே ஜூனில் தமிழகத்துக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் என்று சொல்லி ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். தலைப்புச் செய்தி வந்தது. 2025-ல் அந்த டெண்டரே ரத்து!

"செலவு அதிகம்" என்பார்கள். சூரியத் தகடும் ஒரு காலத்தில் எட்டாத விலைதான். அரசு தொடர்ந்து வாங்கியது, விலை இறங்கியது. கடலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஒன்றை நாமும் மறக்கக் கூடாது. கடல் மீனவர்களின் வயல். அவர்களைக் கேட்காமல் ஒரு தூண் நட்டாலும் நாம் எதிர்த்து நிற்போம்.

நம் கோரிக்கை மூன்று:
1. 1 மெகாவாட் கடல் வெப்ப நிலையத்தைத் தமிழகக் கடலில் மீண்டும் தொடங்கு. கெடு தேதியை அறிவி.
2. ரத்தான காற்றாலை டெண்டருக்கு மாற்று என்ன, வெளியே சொல்.
3. மீனவர் சம்மதமும் வருமானத்தில் பங்கும் சட்டமாகட்டும்.

செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். ஒரே ராஜா கட்டியதல்ல. கோனார் தொடங்கியதை விஜயநகரமும் நாயக்கரும் வளர்த்தார்கள், மராட்டியர் பலப்படுத்தினார்கள். அதனால்தான் 2025-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். ஒருத்தர் தொடங்கியதை அடுத்தவர் விட்டிருந்தால் இன்று வெறும் பாறைதான் மிச்சம்.

கோட்டை கட்டினவங்களுக்கு இருந்த பொறுமை, டெல்லியில் ஆட்சி பண்றவங்களுக்கு இல்லையா? கேளுங்கள் சொந்தங்களே. பகிருங்கள்!

#கடல்_மின்சாரம் #செஞ்சி_கேட்கிறது