ஊமை யார்?

தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தவனை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஆழத்து நீரின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். முத்து சீமான் வீட்டுப் பெட்டிக்குப் போயிற்று; காது கேளாமையோ குளித்தவன் குடிசைக்குப் போயிற்று. ஏன் இந்தக் கேடு என்று கேட்டால் வைதிகம் என்ன சொல்லும்? "முற்பிறவிப் பாவம்!" நீரின் அழுத்தம் செய்ததை ஊழ்வினையின் தலையில் ஏற்றும் புரட்டு இது. பிறவியிலேயே பேச்சு வராதவனுக்கும் இதே தீர்ப்புத்தான்.

இந்தத் தீர்ப்பைக் கிழித்தெறிந்தவன் ஒருவன், இக்கடற்கரைக்கு அண்மையில், ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் வாழ்ந்தான். பெயர் குமாரசாமி. நாடு அவனை அறிந்தது ஊமைத்துரை என்று!

1799 அக்டோபர் 16இல் அண்ணன் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டான். கோட்டை தரைமட்டமாயிற்று. ஆனால் 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை சிறையிலிருந்து வெளியேறினான். ஒரு வாரத்திற்குள் இடிந்த இடத்தில் புதுக்கோட்டை எழுந்து நின்றது! தூத்துக்குடியும் அவன் படையினர் வசமாயிற்று. மார்ச் 31இல் பாய்ந்து வந்த ஆங்கிலப் படை அடிபட்டுத் திரும்பியது. பீரங்கிகள் குவிக்கப்பட்ட பின்னரே, மே 24இல் கோட்டை வீழ்ந்தது.

நா வழங்காதவன் படையை எப்படி நடத்தினான்? அவனை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறான். வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவானாம் ஊமைத்துரை. அவை ஆங்கிலப் படை! பிறகு சீறொலி எழுப்பி, வலக்கையால் அத்தனையையும் துடைத்தெறிவானாம். அதுவே தாக்குதலுக்கு ஆணை! முன்வரிசையில் பாய்பவனும் அவனேயாம்.

இங்கே வியக்கத்தக்கவன் ஊமைத்துரை மட்டுமா? அந்தக் கையின் மொழியைக் கற்று வைத்திருந்த ஆயிரமாயிரம் எளிய மக்களும் அல்லவா! தலைவனுக்கு வாய் இல்லை என்று அவர்கள் விலகவில்லை. தங்கள் கண்களையே காதுகளாக்கிக் கொண்டார்கள்.

கோட்டை வீழ்ந்தபோது அவன் காயமுற்றுப் பிணங்களுக்கிடையே கிடந்தான். மகனைத் தேடி வந்த தாயிடம், உயிர் பிரியும் நிலையிலிருந்த அம்மகன், தன்னை விட்டு 'சாமி'யைக் காக்கச் சொன்னதாக வெல்ஷ் குறிக்கிறான். தேடி வந்த எட்டயபுரத்தார், அம்மை கண்டு இறந்தவனென்று பெண்கள் ஒப்பாரி வைத்ததைக் கேட்டு ஓடினர். 'சாமி'யைக் காக்க வானிலிருந்து எவரும் இறங்கவில்லை. தாய்மாரின் துணிவும் அறிவுமே காத்தன! பின்னர் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்ட அவ்வீரன், 1801 நவம்பர் 16இல், தன் ஊரிலேயே தூக்கேறினான்.

இத்தகையவனைத் தெய்வப்பிறவி என்று கும்பிட்டு மூலையில் வைப்பது ஒரு மோசடி. "அவனால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" என்று வாய் பேசாத ஏழையை இடித்துரைப்பது அதனினும் கொடிய மோசடி. ஏழையிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்போம்: அவன் கைமொழியைக் கற்றவர் நம்மில் எத்தனை பேர்?

2010இல் தமிழகம் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. அதில் ஓர் இடம் செவித்திறன் குறைந்தோர்க்கு. இது பிச்சையன்று, உரிமை! ஆனால் சொல் மாறியும் சட்டம் வந்தும், கோயில் வாசலில் காசு எறிவதே கடமை தீர்ந்ததென எண்ணும் மனம் மாறவில்லையே!

சிலைக்கு மாலை சூட்டுமுன், இளைஞர்களே, உங்கள் ஊர் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் செல்லுங்கள். காது கேளாதவர் வந்தால் அவர் கை பேசுவதை அறிய ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், வரும் வரை போராடுங்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். துரும்பின் மொழியைப் பாஞ்சாலங்குறிச்சியார் கற்றார்களே, படித்த நமக்கு என்ன தடை?

கை பேசியவன் ஊமையல்லன். அதைக் காண மறுத்து, 'தலைவிதி' என்று வாய்மூடிக் கிடக்கும் சமுதாயமே ஊமை!