அறுபதாயிரம் திர்ஹம் ஏத்திச் சொல்லலாமா?

போன முறை ரியாத் போயிருந்தபோது, பத்தாவில் ஒரு டீக்கடையில் தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, துபாயில பிளாட் பார்க்கிறேன். நான் ஒரு விலை சொன்னா வேற யாரோ அதிகம் சொல்லித் தூக்கிடுறாங்க. இன்னும் எவ்வளவு ஏத்திச் சொல்றது?"

நம் அப்பாக்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசித்தவர்கள் அவர்கள். வாங்கியதெல்லாம் ஊரில் மனை, அதுவும் பாதி நேரம் போனில் பேசியே. துபாயில் 2002 முதல் வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் வீடு வாங்கலாம் என்றானது. சவூதியிலும் 2026 ஜனவரியில் அப்படியொரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இந்தக் கேள்வி இனி பத்தாவிலும் அடிக்கடி வரும். என் பதில்: ஏத்தாதே. முதலில் கணக்கைப் பார்.

வீடு 12 லட்சம் திர்ஹம் என்று வைத்துக்கொள். முதல் வீடு, விலை 50 லட்சத்துக்குள் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம் கடன் தரும். மீதி 2,40,000 நம் கையிலிருந்து. நிலத்துறைக் கட்டணம் 4 சதவீதம், அது 48,000. புரோக்கருக்கு 2 சதவீதமும் அதன்மேல் வாட் வரியும் சேர்த்து 25,200. இந்த இரண்டையும் முன்பு சில பேங்குகள் கடனோடு சேர்த்துக் கொடுத்தன. 2025 பிப்ரவரியோடு அது நின்றுவிட்டது. சில்லறைச் செலவுகளையும் கூட்டினால் 3,20,000-க்கு மேல் ரொக்கமாக வேண்டும்.

இப்போது போட்டிக்காக 12,60,000 சொல்கிறாய். பேங்க் தன் ஆளை அனுப்பி வீட்டை மதிப்பிடும். அவர் 12 லட்சம்தான் என்று எழுதினால், கடன் அந்த 12 லட்சத்துக்குத்தான். ஏத்திய அறுபதாயிரம் முழுக்க உன் பாக்கெட். அதன்மேல் கட்டணமும் கமிஷனும் இன்னொரு 3,660. மாதத் தவணையில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நானும் மாட்டப் பார்த்தேன். நான் பார்த்த இரண்டாவது வீட்டில், "இன்னொரு பார்ட்டி செக்கோட நிக்குது, ராத்திரிக்குள்ள சொல்லுங்க" என்றார் புரோக்கர். உண்மையா பொய்யா, இன்றுவரை தெரியாது. குறைந்த பணத்துக்கு அப்பாவைக் கேட்டேன். 28 வருடம் பத்தாவில் ஒரு கடையில் நின்றவர். "என் சர்வீஸ் பணம் இருக்கே, எடுத்துக்கோப்பா" என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். அந்த ஒரு நொடி தயங்கியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, யாரோ ஒரு முகம் தெரியாத ஆளை ஜெயிக்க அப்பாவின் கடைசிப் பணத்தை வைத்து ஏலம் விடுகிறேன் என்று. அந்த வீட்டை விட்டுவிட்டேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வீட்டுக்கு எங்களைவிட அதிகம் சொன்னவர் ஒருவர் இருந்தார். இருந்தும் எங்களுக்கே கிடைத்தது. விற்றவர்கள் ஊர் திரும்பும் ஒரு கேரளக் குடும்பம். பெண்ணுக்கு மார்ச்சில் ஸ்கூல் பரீட்சை. அதிகம் சொன்னவர் உடனே காலி செய்யச் சொன்னாராம். நாங்கள் ஏப்ரலில் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். பேங்கின் முன் ஒப்புதல் கையில் இருந்தது. ஃபார்ம் எஃப் ஒப்பந்தத்தோடு கொடுக்க வேண்டிய 10 சதவீத செக்கும் தயார். (அந்த செக்கை விளையாட்டாக எழுதாதே. மனசு மாறிப் பின்வாங்கினால் அது போய்விடும்.)

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு திர்ஹம்கூடச் செலவில்லை. புரோக்கரிடம் "கடைசி விலை என்ன?" என்று கேட்கிறோமே தவிர, "ஏன் விற்கிறார்கள், எப்போது போக வேண்டும், அவர்களுக்குக் கடன் பாக்கி உண்டா?" என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. உள்ளே வாடகைக்கு ஆள் இருக்கிறாரா என்பதையும் கேள். நீ குடிபோக அவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால், துபாய் சட்டப்படி 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். அதுவரை நீ வேறு வீட்டுக்கு வாடகை, இந்த வீட்டுக்குத் தவணை.

தம்பியிடம் இத்தனையும் சொல்லவில்லை, டீ ஆறிவிட்டது. "உன்னால ரொக்கமா எவ்வளவு புரட்ட முடியும்? அப்பா பணத்தைச் சேர்க்காம சொல்லு" என்று மட்டும் கேட்டேன். போனில் கால்குலேட்டரைத் திறந்தவன் ரொம்ப நேரம் நிமிரவில்லை.