உயிரியல் ஆராய்ச்சியும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும்

பள்ளிப் படிப்பில் நன்கு தேறிய பிள்ளையை வைத்தியப் படிப்பிலோ பொறியியற் படிப்பிலோ சேர்த்துவிட வேண்டும் என்பதே நிலமுடையோர் பலருடைய எண்ணமாயிருக்கின்றது. இதன்பொருட்டு நன்செய்யை ஈடு வைப்பாரும் உளர். பயிரையும் பூச்சியையும் கால்நடையையும் உற்றுநோக்கும் இயல்புடைய பிள்ளை உயிரியல் ஆராய்ச்சியில் புக விரும்புமாயின், “அதில் சம்பளம் என்றைக்கு வரும்?” என்ற கேள்வியே வீட்டில் முதலில் எழுகின்றது. கேள்வி தவறன்று. ஆயினும் அஃதொன்றைக் கொண்டே அத்தொழிலை அளப்பது, நாற்று நட்ட மறுவாரமே களத்தில் நெல் தேடுவதை ஒக்கும்.

இவ்விஷயத்தில் டாக்டர் ஜானகி அம்மாளின் வாழ்க்கை கவனிக்கற்பாலது. 1897-இல் தலைச்சேரியில் பிறந்த அவ்வம்மையார் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். இன்று கடைகளால் நெருங்கிக் கிடக்கும் தியாகராய நகர் அப்பொழுது ஏற்படவில்லை. அவ்விடத்தில் பெரியதோர் ஏரி பரந்து கிடந்தது. பெண்மக்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த அந்நாளில் அவர் அமெரிக்கா சென்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1934 முதல் 1939 வரை அவர் கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பணியாற்றினார். கரணை வைத்தே கரும்பு பயிரிடும் குடியானவருக்குக் கரும்பின் விதை காணாப் பொருள். கோயம்புத்தூரின் சீதோஷ்ணத்திலோ கரும்பு நன்கு பூத்து விதையும் பிடிக்கும். 1912-இல் அந்நிலையம் அங்கே நிறுவப்பட்டதன் காரணம் அதுவே. நாட்டிலுள்ள கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் வகை 1918-இல் வெளிவந்து வடநாட்டு வயல்களில் பரவிற்று. இத்துறையில் டி. எஸ். வெங்கடராமன் செய்த தொண்டு பலரும் அறிந்தது. ஜானகி அம்மாள் செய்ததோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேலை. கரும்பின் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் எண்ணிப் பார்த்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து சோதித்தார். மக்காச்சோளக் கலப்பு ஆலைக்குரிய பயிராகவில்லை. அதனால் அவ்வுழைப்பு வீணாயிற்றென்று கருதுவது பொருந்தாது. எவ்வினம் எவ்வினத்தோடு கூடும் என்பது தெரிந்தாலன்றி இனவிருத்தி செய்வோன் இருட்டில் கை நீட்டுபவனே.

பின்னர் அவர் இங்கிலாந்தில் பணிபுரிந்து, டார்லிங்டன் என்பாருடன் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945-இல் வெளியிட்டார். 1951-இல் தாய்நாடு திரும்பினார். 1955-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் கூடிய அறிஞர் மகாநாட்டில் அவர் பேசியது, இந்தியக் குடியானவர் தம் சீவனத்துக்காகச் செய்யும் விவசாயத்தைப் பற்றியே. 1970-க்குப் பின் சென்னைக்கு அருகே மதுரவாயலில் சர்வகலாசாலையின் தோட்ட ஆய்வுக்கூடத்தில் தங்கி, 1984-இல் தமது 86-ஆம் வயதில் காலமாகும் வரை செடிகளோடேயே இருந்தார். ஊரும் உத்தியோகமும் எத்தனையோ முறை மாறின. செடியினங்களின் உறவு யாது என்னும் கேள்வி மாறவில்லை. ஆராய்ச்சியாளருக்கு நிறைவைத் தருவது இத்தகைய கேள்வியே. பதவியின் பெயரை மட்டும் நாடிப் புகுவோர் சில ஆண்டுகளில் சலிப்புறுவர்.

காலம் நீளும் என்பதை மறைப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் கோ 86032 கரும்பின் பெயரிலுள்ள 86 என்பது 1986-ஆம் ஆண்டைக் குறிக்கும். அவ்வகை குடியானவருக்கென வெளியிடப்பட்டதோ 2000-ஆம் ஆண்டில். ஆராய்ச்சியாளர் உருவாவதும் ஏறக்குறைய அவ்வண்ணமே. முதுகலைப் பட்டத்துக்குப் பின் நான்கைந்து ஆண்டுகள் உதவித்தொகையில் காலந்தள்ள வேண்டும். அதன் பின்னரும் சில ஆண்டுகள் தற்காலிக வேலையே கிட்டலாம். ஒரே பிள்ளையின் வருவாயை நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இது கடினமான வழி. அத்தகையோரை இதில் தள்ளுவது நியாயமன்று. தாங்கக்கூடிய குடும்பத்தார், குறிப்பாகப் பெண்மக்கள் விஷயத்தில், படிப்பின் நடுவே கல்யாணத்தை முன்னிட்டுத் தவணை குறிப்பதை விட வேண்டும்.

கல்லூரியின் புகழைக் காட்டிலும் வழிகாட்டும் ஆசிரியரின் குணமே முக்கியம். அவரிடம் முன்பு பயின்றோர் எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்பொழுது எங்கிருக்கின்றனர், ஆய்வுக் கட்டுரையில் மாணவர் பெயரை முறையாக இடுகின்றாரா என்பவற்றை அம்மாணவர்களிடமே நேரில் விசாரித்தறிவது நலம். மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவர் பல்லைப் பிடித்துப் பாராமல் வாங்குவதில்லை. பிள்ளையை ஐந்தாண்டுக்கு ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் விசாரியாமல் விடுபவர் பலர்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இணைக்க வேண்டியவராயிருக்கின்றனர். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு. அது தவறின் ஓராண்டு கழியும். மாணவரின் மனு கைக்கு வந்த அன்றே விசாரித்து மேலிடத்துக்கு அனுப்புவது அதிகாரிக்கு அரை மணி நேர வேலை.