வியப்பும் விழிப்பும்

மாணவர் நாள்தோறும் கையாளும் பென்சிலின் நடுவே கரிய குச்சியொன்று உண்டு. அது கிராபைட்டும் களிமண்ணும் கலந்து செய்யப்படுவது. கிராபைட்டு, கார்பன் என்னும் தனிமத்தின் ஒரு வடிவம். ஏட்டின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்திருத்தல்போல, கார்பன் தகடுகள் அதனுள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. ஓர் அணுவின் கனமே உடைய அத்தகைய தனித் தகட்டினைக் கிராபீன் என்பர். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் தகடுகள் அடங்கும்.

இத்தகட்டினைத் தனியே பிரித்து ஆராயும் வழியை, 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து அறிஞர்களான ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் கையாண்ட கருவி யாது? காகிதம் ஒட்டும் பசைநாடாவே! கிராபைட்டின்மீது நாடாவை ஒட்டி உரித்து, அதில் வந்த செதிலை மீண்டும் மீண்டும் பிளந்து, ஓரணுத் தகட்டினை அடைந்தனர். கிராபைட்டின் மேற்பரப்பைத் தூய்மை செய்தபின் ஆய்வாளர் எறிந்துவிடும் நாடாவை, இவர்கள் உற்றுநோக்கினர். 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இவ்விருவர்க்கும் உரியதாயிற்று.

கிராபீன் மின்சாரத்தையும் வெப்பத்தையும் விரைந்து கடத்தும். தன்மேல் விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 98 பங்கினை ஊடுருவ விடும். வலிமையில் எஃகினையும் விஞ்சும். அதன் நுண்செதில்கள் இன்று டென்னிஸ் மட்டையிலும், கட்டடக் கான்கிரீட்டிலும், செல்பேசியின் வெப்பத்தைப் பரப்பும் படலத்திலும் இடம்பெற்றுள்ளன.

இவ்வியப்பு தக்கதே. எனினும், வியப்போடு விழிப்பும் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் ஒரு காலத்தில் தீப்பற்றாத அரும்பொருள் எனப் போற்றப்பட்டது. அதன் துகளைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் இரையான பின்னரே, பல நாடுகள் அதனைத் தடை செய்தன. கார்பன் தகடு சுருண்டாற்போன்ற வடிவுடைய நுண்குழாய்களும் உண்டு. சுண்டெலிகளின் வயிற்றறையில் செலுத்தப்பெற்ற நீண்ட நுண்குழாய்கள் கல்நார் இழைபோலவே அழற்சி விளைத்தமையை 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அந்நுண்குழாய்களுள் ஒரு வகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என, 2014ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திற்று.

ஒன்றன் குற்றத்தை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் முறையன்று. கிராபீன் வேறு, நுண்குழாய் வேறு. ஆதலின், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். மட்டையினுள் இறுகிய செதிலினும், ஆலையில் காற்றோடு கலக்கும் தூளே அஞ்சத்தக்கது. அத்தூளிடையே நின்று உழைப்பவரைக் காத்தலே முதற்கடன். சோதனை செய்து காலம் தாழ்த்தினால் தொழில் வளராது என்பார் உளர். அன்னார், பழைய கட்டடங்களிலிருந்து கல்நாரை அகற்றப் பல நாடுகள் இன்றும் படும் பாட்டினை நோக்குக. முன்னே செய்யும் சோதனையின் செலவு சிறிது. பின்னே நேரும் இழப்போ பெரிது. குப்பைக்குரிய நாடாவையும் கூர்ந்து நோக்கிய அதே கண், ஆலைக் காற்றில் மிதக்கும் துகளையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதுவே அறிவியலுக்கு அழகாம்.